புனர்வாழ்வு மருத்துவத்தில் தொழில்வாய்ப்புகள் (இந்தியா)

புனர்வாழ்வு மருத்துவம் என்பது நோய், விபத்து, பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் உடலியக்கம் குன்றியவர்கள் இயன்ற அளவு தற்சார்புடன் வாழ வழிசெய்யும் மருத்துவத் துறை ஆகும். இந்தியாவில் இது எம்.பி.பி.எஸ். பட்டத்தின் பின் மூன்றாண்டுகள் பயிலப்படும் தனிச் சிறப்புத் துறையாக உள்ளது. பட்டத்தின் முறையான பெயர் எம்.டி. பிசிக்கல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிட்டேசன் என்பதாகும். மருத்துவ வட்டாரங்களில் பி.எம்.ஆர். என்றே வழங்குவர். இத்துறையில் சிறப்புப் பட்டம் பெற்றவர் பிசியாட்ரிஸ்ட் எனப்படுவார். இவரைச் சுற்றி இயன்முறை சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், செயற்கை உறுப்பு வல்லுநர், பேச்சுச் சிகிச்சையாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எனப் பல தொழில்கள் அமைந்துள்ளன.

தொழிலாகத் தேர்வதற்கு இத்துறை ஒரு முரண்பாட்டைக் கொண்டது. நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தேவை மிகப் பெரிது. ஆனால் அத்தேவை தானாகவே பணியிடமாக மாறுவதில்லை. கண் மருத்துவரோ மகப்பேற்று மருத்துவரோ ஒரு சிற்றூரில் தனியாக மருத்துவமனை தொடங்கலாம். புனர்வாழ்வு மருத்துவரின் பணி ஒரு குழுவையும், இடத்தையும், நீண்டநாள் படுக்கைகளையும் வேண்டுவது. எனவே அரசும் நிறுவனங்களும் துறைகளை ஏற்படுத்தினால் தான் வேலை உண்டு. மாணவர் ஒருவர் இத்துறையை எடைபோடும் போது இதை முதலில் அறிந்திருத்தல் நன்று.

பெயர்

தமிழில் இத்துறைக்கு ஒரே பெயர் இன்னும் நிலைபெறவில்லை. "உடலியல் மருத்துவம்" எனச் சிலர் எழுதுவர். உடலியல் என்பது உடலின் தொழிற்பாடுகளைப் பற்றிய அடிப்படை அறிவியலுக்கு ஏற்கெனவே வழங்கும் பெயராதலால் இது குழப்பம் தருகின்றது. "மறுவாழ்வு" என்ற சொல் தமிழ்நாட்டில் பரவலானது. எனினும் மறுவாழ்வு மையம் என்றவுடன் குடிபோதையிலிருந்து மீட்கும் நிலையங்களே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இலங்கையிலோ புனர்வாழ்வு என்ற சொல் போருக்குப் பிந்திய மீள்குடியேற்றம் வரை பல பொருள்களில் ஆளப்படுகின்றது. இக்கட்டுரையில் புனர்வாழ்வு மருத்துவம் என்பது பி.எம்.ஆர். துறையை மட்டுமே குறிக்கும்.

பெயர்க் குழப்பம் வெறும் சொற்சிக்கல் அன்று. பக்கவாதம் வந்த ஒருவரின் குடும்பத்தார் நரம்பியல் மருத்துவரைத் தேடிச் செல்வர். எலும்பு முறிந்தவரின் குடும்பத்தார் எலும்பு மருத்துவரைத் தேடிச் செல்வர். புனர்வாழ்வு மருத்துவரைப் பெயர் சொல்லித் தேடி வருவோர் மிகக் குறைவு. இவரிடம் வரும் நோயாளிகளுள் பெரும்பாலோர் பிற மருத்துவர்களால் அனுப்பப்படுபவர்களே. தனியாகத் தொழில் நடத்த எண்ணுவோருக்கு இது பெரிய தடையாகும்.

பணியின் இயல்பு

பிற மருத்துவத் துறைகள் பெரும்பாலும் ஓர் உறுப்பையோ நோயையோ மையமாகக் கொண்டவை. புனர்வாழ்வு மருத்துவம் ஒருவரால் என்ன செய்ய இயலும் என்பதை மையமாகக் கொண்டது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவருக்கு முதுகின் அடிப்பகுதியில் முள்ளெலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கி விடுகின்றது. அறுவை மருத்துவர் உலோகத் தண்டுகளையும் திருகுகளையும் கொண்டு முதுகெலும்பை நிலைப்படுத்துகின்றார். அறுவை வெற்றி பெறுகின்றது. ஆயினும் இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியும் அசைவும் திரும்பவில்லை. அறுவை மருத்துவத்தின் பங்கு ஏறக்குறைய இங்கு முடிந்து விடுகின்றது. புனர்வாழ்வு மருத்துவத்தின் பணி இங்கு தான் தொடங்குகின்றது.

முதலில் உயிரைக் காக்கும் வேலை. உணர்ச்சியற்ற தோல் நெடுநேரம் அழுந்தினால் படுக்கைப் புண் உண்டாகும். நோயாளிக்கு வலி தெரியாததால் புண் எலும்பு வரை ஆழ்ந்த பின்னரே கவனிக்கப்படுவதும் உண்டு. ஆகவே படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை உடலைத் திருப்ப வேண்டும். சக்கர நாற்காலியில் அமரத் தொடங்கிய பின் கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்தப் பயிற்சி தர வேண்டும். சிறுநீர்ப்பை தன் கட்டுப்பாட்டை இழந்திருக்கும். அதில் சிறுநீர் தேங்கி அழுத்தம் கூடினால் தொற்றும், காலப்போக்கில் சிறுநீரகச் சிதைவும் நேரலாம். நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறை பலருக்கும் கற்பிக்கப்படுகின்றது. இரண்டாம் உலகப் போருக்கு முன் தண்டுவடம் சிதைந்தவர்களுள் பெரும்பாலோர் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்தனர். அவர்களைக் கொன்றவை முதுகுக் காயம் அன்று. சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணுமே. பயிற்சி எதுவுமின்றி வீடு திரும்புபவருக்கு இந்த ஆபத்து இன்றும் அப்படியே உள்ளது.

அடுத்தது தசை இறுக்கம், வலி, மூட்டு முடக்கம் ஆகியவற்றுக்கான சிகிச்சை. மருந்துகள் ஒருபுறம் இருக்க, இறுகிய தசைகளில் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்துதல், நரம்பைத் தற்காலிகமாக முடக்கும் ஊசிகள், நரம்பு தசைகளின் மின்சோதனைகள் முதலியன இத்துறை மருத்துவர் கற்கும் செய்முறைகள் ஆகும். மீயொலிக் கருவியின் துணையுடன் மூட்டுகளுக்கு ஊசியிடுதலும் பரவலாகி வருகின்றது. தனியார் மருத்துவமனைகளில் இத்துறையினர் பெறும் வருமானத்தில் இச்செய்முறைகளுக்குக் கணிசமான பங்கு உண்டு.

மூன்றாவது கட்டமே இத்துறையின் தனித்தன்மை. நோயாளியின் வீட்டுக் கதவு எவ்வளவு அகலம்? வாசலில் எத்தனை படிகள்? கழிப்பறை வீட்டினுள் உள்ளதா, தோட்டத்தின் கோடியில் உள்ளதா? குந்தி அமரும் கழிப்பறையை இவரால் பயன்படுத்த இயலாது. சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல 90 செ.மீ. அகலமுள்ள வாயிலும், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளமும் தேவை எனக் கணக்கிடுவர். மரமேறுதலைத் தொழிலாகக் கொண்டிருந்தவர் இனி எதைக் கொண்டு பிழைப்பார் என்பதும் மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெறும் வினாவாகும். மண் தரையும் ஒற்றையடிப் பாதையும் உள்ள ஊருக்கு நகரத்துச் சக்கர நாற்காலியைக் கொடுத்தனுப்பினால் அது ஒரு மாதத்தில் மூலையில் கிடக்கும். மருந்துச் சீட்டு எழுதுவதைப் போன்றே சக்கர நாற்காலியையும் அளவெடுத்துப் பரிந்துரைக்க வேண்டியுள்ளது.

முன்னேற்றத்தை அளப்பதற்கு அளவுகோல்களும் உண்டு. உண்ணுதல், குளித்தல், உடுத்தல், இடம்பெயர்தல், நினைவாற்றல் முதலிய 18 செயல்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் வழங்கும் அளவுகோல் ஒன்று பரவலாகப் பயன்படுகின்றது. முழுவதும் பிறரைச் சார்ந்திருப்பவர் 18 மதிப்பெண்ணும் முழுத் தற்சார்புடையவர் 126 மதிப்பெண்ணும் பெறுவர். பல வாரங்கள் உழைத்து ஒருவரை 60இலிருந்து 85க்குக் கொண்டுவருவது இத்துறையில் நல்ல பலன். முழுமையாகக் குணமாவதைக் கண்டு மகிழ விரும்பும் இயல்புடையோருக்கு இப்பணி மனநிறைவு அளிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிராங்க் குருசென் 1936இல் இத்துறைக்கான மூன்றாண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப் படையினரிடையே பணியாற்றிய ஓவர்டு ரசுக், படுக்கையில் கிடத்தி வைப்பதை விடப் பயிற்சியும் வேலையும் அளிப்பதே விரைவில் தேற்றும் என்பதை நடைமுறையில் காட்டினார். 1947இல் அந்நாட்டில் இத்துறைக்கெனத் தனித் தேர்வு வாரியம் அமைந்தது. இங்கிலாந்தின் இசுட்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் தண்டுவடக் காயப் பிரிவை நடத்திய லுட்விக் குட்மன், 1948இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தோர் 16 பேரைக் கொண்டு ஒரு வில்வித்தைப் போட்டியை நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அதுவே.

இந்தியாவில் புனேயின் படைத்துறைச் செயற்கை உறுப்பு நிலையம் 1944இல் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. மும்பையின் அனைத்திந்தியப் புனர்வாழ்வு மருத்துவ நிறுவனம் 1955இல் நிறுவப்பட்டது. 1968இல் ராமச் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் ஜெய்ப்பூர் காலை உருவாக்கினர். செருப்பின்றி நடக்கவும், சம்மணமிட்டு அமரவும், வயலில் இறங்கவும் ஏற்றதாக அது இருந்தது. மேலைநாட்டு மாதிரியில் காலணி அணிந்தே நடக்க வேண்டிய செயற்கைக் கால் இந்திய உழவருக்கு ஒத்துவரவில்லை என்ற எளிய கவனிப்பே அதன் அடிப்படை. துறை மருத்துவர்களின் சங்கம் 1972இல் அமைந்தது.

தமிழ்நாட்டில் இத்துறையின் வரலாறு மேரி வர்கீசு என்பவருடன் பிணைந்தது. கேரளத்தில் 1925இல் பிறந்த இவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே பணியாற்றியவர். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்து வந்த பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவை மருத்துவம் செய்யத் தொடங்கினார். நிற்க இயலாத மருத்துவர் உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை அது. பின்னர் நியூயார்க்கு சென்று ரசுக்கின் நிறுவனத்தில் புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் அங்கு உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மசிறீ விருது பெற்ற இவர் 1986இல் மறைந்தார். வீடு திரும்பிய தண்டுவடக் காய நோயாளிகளை மீண்டும் ஓரிடத்தில் கூட்டி உடல்நிலையை ஆராயும் "ரிஹாப் மேளா" என்னும் நிகழ்வை அந்நிலையம் நடத்தி வருகின்றது. பயிற்சி முடிந்து போனவர் ஐந்தாண்டு கழித்து எப்படி வாழ்கிறார் என்பதை மாணவர் நேரில் காண்பதற்கு இதைவிட நல்ல வகுப்பு இல்லை எனலாம்.

மாறிவரும் நோயாளிகள்

முந்திய தலைமுறைப் புனர்வாழ்வு மருத்துவர்கள் இளம்பிள்ளை வாதத்தையும் தொழுநோயையும் மிகுதியாகக் கண்டனர். காலிபர் அணிந்த சிறுவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்த காலம் அது. இந்தியாவில் கடைசி இயற்கை இளம்பிள்ளை வாத நோயாளி 2011 சனவரியில் கண்டறியப்பட்டார். 2014இல் உலக நலவாழ்வு அமைப்பு இப்பகுதியை அந்நோயற்றதாக அறிவித்தது. இதனால் துறைக்கு வேலை குறையவில்லை. பக்கவாதம், நீரிழிவினால் கால் அகற்றப்படுதல், மூட்டுத் தேய்வு, குழந்தைகளின் பெருமூளை வாதம், சாலை விபத்துகள் ஆகியவை அவ்விடத்தை நிரப்பின. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். செய்தித்தாள்கள் முதல் எண்ணையே தலைப்பாக்குகின்றன. தலைக்காயமோ தண்டுவடக் காயமோ உற்று உயிர்பிழைத்தவர்கள் இறுதி எண்ணினுள் உள்ளனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள் ஆவர். உலக அளவில் 2019இல் ஏறத்தாழ 241 கோடிப் பேர் புனர்வாழ்வுச் சேவையால் பயன்பெறக்கூடிய நிலையில் இருந்தனர் என ஓர் ஆய்வு 2020இல் மதிப்பிட்டது. 2023இல் உலக நலவாழ்வுப் பேரவை, புனர்வாழ்வை நாடுகளின் நலவாழ்வுக் கட்டமைப்பில் வலுப்படுத்தக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

கல்வி

மருத்துவராக இத்துறையில் நுழைய எம்.பி.பி.எஸ். பட்டமும் அதன்பின் முதுநிலை நீட் தேர்வும் தேவை. எய்ம்சு போன்ற தேசிய முதன்மை நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பயிற்சிக் காலம் மூன்றாண்டுகள். தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. தகுதியும் எம்.டி.க்கு இணையானது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து கே. கே. நகரில் இயங்கும் அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இத்துறையில் அறியப்பட்டவை.

நுழைவுத் தேர்வின் முதல் தரவரிசையில் வருவோர் கதிரியக்கவியல், தோல் மருத்துவம், பொது மருத்துவம் முதலியவற்றைத் தேர்கின்றனர். பி.எம்.ஆர். முதல் விருப்பமாகத் தேரப்படுவது அரிது. வேறு இடம் கிடைக்காததால் சேர்ந்தவர்கள் இத்துறையில் பலர் உண்டு. சேர்ந்த பின் விரும்பி நிலைத்தவர்களும் அவர்களுள் உண்டு. இரவுப் பணியும் அவசர அழைப்பும் குறைவு என்பது இத்துறையின் ஈர்ப்புகளுள் ஒன்று.

மருத்துவர் அல்லாத தொழில்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் பயின்றிருத்தல் வேண்டும். இயன்முறை சிகிச்சைக்கான பி.பி.டி. பட்டம் ஆறு மாதப் பயிற்சி உட்பட நாலரை ஆண்டுகளாக நெடுங்காலம் இருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நலவாழ்வுத் துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையம் 2025இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் ஓராண்டுப் பயிற்சி உட்பட ஐந்தாண்டுகள் ஆக்கப்பட்டுள்ளது. தொழில்வழிச் சிகிச்சை என்பது பெயரைக் கண்டு பலர் எண்ணுவது போல வேலை தேடித் தரும் படிப்பு அன்று. சட்டைப் பொத்தான் போடுவது முதல் சமைப்பது வரையான அன்றாடச் செயல்களை மீண்டும் செய்யப் பயிற்றுவதே அதன் நோக்கம். செயற்கைக் கால், கை, தாங்குகருவி ஆகியவற்றை அளவெடுத்து வடிவமைத்துப் பொருத்துவோருக்கெனத் தனிப் பட்டப்படிப்பு உள்ளது. இவர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் புனர்வாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவ ஆர்வமும் கைவேலைத் திறமையும் ஒருங்கே உடைய மாணவருக்கு இப்படிப்பு மிகப் பொருத்தமானது. ஆயினும் பள்ளிகளில் இதைப் பற்றிச் சொல்வார் இல்லை.

பணியிடங்கள்

மருத்துவர்களுக்கு முதன்மையான இடம் மருத்துவக் கல்லூரிகளே. கற்பித்தலுடன் புறநோயாளிப் பிரிவும் படுக்கைப் பிரிவும் இவர்கள் பொறுப்பில் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழுக்களில் இயக்கக் குறைபாட்டை மதிப்பிடுவதும் இவர்களின் பணியாகும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. அரசு வேலைகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு பெற 40 விழுக்காடு குறைபாடு தேவை. 38க்கும் 40க்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒருவரின் வாழ்க்கையையே மாற்றக் கூடியது என்பதால் இம்மதிப்பீடு பொறுப்பு மிக்கது. மன அழுத்தமும் தருவது.

நடுவண் அரசின் நிறுவனங்கள் அடுத்து வருவன. கொல்கத்தா, கட்டாக்கு ஆகிய இடங்களில் இயக்கக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனங்கள் உள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் நிறுவப்பட்டது. கான்பூரில் செயற்கை உறுப்புகளையும் துணைக்கருவிகளையும் உற்பத்தி செய்யும் பொதுத்துறை நிறுவனம் உள்ளது.

இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு வாய்ப்புகள் அகன்றவை. மருத்துவமனைகள், விளையாட்டு அணிகள், முதியோர் இல்லங்கள், சிறப்புப் பள்ளிகள், சொந்தச் சிகிச்சை நிலையம், வீடு தேடிச் செல்லும் சிகிச்சை என இவை பலவகைப்படும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமைக்கப்படும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோருக்கு இடம் தந்தன. தமிழ்நாட்டில் 2021 ஆகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டத்தின்கீழ் அமைக்கப்படும் விழுதுகள் என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் இவ்வகையின. இத்தகைய திட்டப் பணிகள் பலவும் ஒப்பந்த அடிப்படையிலானவை. நிலையான அரசுப் பணியிடங்கள் சிலவே. ஏழாவது ஊதியக் குழுவின் 2016ஆம் ஆண்டு அட்டவணையில் நடுவண் அரசின் இயன்முறை சிகிச்சையாளருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாயும், எய்ம்சு உதவிப் பேராசிரியருக்கு 1,01,500 ரூபாயும் ஆகும். தனியார் நிலையங்களில் புதிதாகச் சேரும் இயன்முறை சிகிச்சையாளர் இதில் பாதியைக் கூடப் பெறாமல் இருப்பது பரவலான குறையாகும்.

தொண்டு நிறுவனங்களின் பங்கையும் குறிப்பிட வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எசு. ராமகிருட்டிணன் 1975இல் கடற்படைத் தேர்வின் போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர்; 2020இல் பத்மசிறீ பெற்றார். சிற்றூர்களுக்கே சென்று குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பணியில் ஈடுபட விரும்புவோருக்கு இத்தகைய நிறுவனங்கள் நல்ல பயிற்சிக்களம்.

மாற்றுத்திறனாளர் விளையாட்டு ஒரு சிறிய, ஆனால் வளரும் பிரிவு. வீரர்களின் குறைபாட்டின் அளவை ஆராய்ந்து வகைப்படுத்துவோருக்கு மருத்துவப் பின்னணி தேவைப்படுகின்றது. பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியா தோக்கியோவில் 19 பதக்கங்களும் 2024 பாரிசில் 29 பதக்கங்களும் வென்ற பின்னர் இப்பிரிவில் ஆர்வம் கூடியுள்ளது.

தனியார் துறையில் நிலைமை கலப்பானது. பெருநகரங்களில் பக்கவாதத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் எனத் தனிப் புனர்வாழ்வு மருத்துவமனைகள் தோன்றியுள்ளன. பொது மருத்துவமனைகளோ, அறுவைக்கு வரும் நோயாளி சில நாட்களில் விட்டுச்செல்லும் வருமானத்தையும், புனர்வாழ்வுக்கு இரண்டு மாதம் தங்கும் நோயாளியின் வருமானத்தையும் ஒப்பிட்டுப் படுக்கை ஒதுக்கத் தயங்குகின்றன. காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் அறுவையையும் அவசர சிகிச்சையையும் கருதி வகுக்கப்பட்டவை. ஆகவே நெடுநாள் பயிற்சியின் செலவைக் குடும்பமே சுமக்கின்றது. பணம் தீர்ந்ததும் பயிற்சியும் நின்று விடுகின்றது.

விதிகளும் வேலைவாய்ப்பும்

இத்துறையின் வேலைவாய்ப்பை நோயாளிகளின் எண்ணிக்கையை விட ஒழுங்குமுறை விதிகளே மிகுதியும் தீர்மானிக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளுக்கான குறைந்தபட்சத் தகுதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2020இல் திருத்திய போது, புனர்வாழ்வு மருத்துவத் துறை ஒன்றை ஏற்படுத்துதல் இன்றியமையாதது ஆக்கப்பட்டது. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருந்த நிலையில், ஒவ்வொன்றிலும் ஆசிரியப் பணியிடங்கள் தோன்றும் என்று இத்துறையினர் எதிர்பார்த்தனர். அதை நம்பி இப்படிப்பைத் தேர்ந்த மாணவர்களும் உண்டு. 2023இல் வெளியான புதிய விதிகளில், கட்டாயத் துறைகளின் பட்டியலில் பி.எம்.ஆர். இடம்பெறவில்லை. துறைச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. தனியார் கல்லூரி ஒன்று, கட்டாயமில்லாத துறைக்குப் பேராசிரியர்களை அமர்த்தும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இதன் விளைவு வேலையோடு நிற்பதில்லை. முதுநிலை இடங்களின் எண்ணிக்கை ஆசிரியர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. துறை இல்லாத கல்லூரியில் முதுநிலை இடம் இல்லை. முதுநிலை இடம் குறைந்தால் சிறப்பு மருத்துவர் குறைவர். சிறப்பு மருத்துவர் கிடைக்கவில்லை என்ற காரணம் காட்டித் துறை தொடங்குவது தள்ளிப் போகும். மேலும், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒருவர் இத்துறையைக் கண்ணால் கூடக் காணாமல் பட்டம் பெற்றால், பின்னர் தம் நோயாளியை யாரிடம் அனுப்புவது என அறியமாட்டார்.

மருத்துவர்களுக்கும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் இடையே எல்லைப் பிணக்கும் உள்ளது. இயன்முறை சிகிச்சையாளர் தம் பெயருக்கு முன் "டாக்டர்" என இட்டுக்கொள்ளலாமா என்பது அதன் வெளிப்படையான வடிவம். 2025 செப்டம்பரில் நடுவண் நலவாழ்வுப் பணிகள் இயக்குநரகம் இதற்கு எதிராக ஒரு கடிதம் வெளியிட்டு, அடுத்த நாளே அதைத் திரும்பப் பெற்றது. தமிழில் "இயன்முறை மருத்துவர்" என்ற வழக்கே வேரூன்றி விட்டதால் இங்கு வேறுபாடு இன்னும் மங்கலாகின்றது. உண்மையில் இரு தொழில்களும் ஒன்றன் வேலையை மற்றொன்று செய்துவிட இயலாதவை. நோயறிதல், மருந்து, ஊசி, குழுவின் திட்டம் ஆகியன மருத்துவரின் பங்கு. நாள்தோறும் மணிக்கணக்கில் நோயாளியுடன் உழைப்பது சிகிச்சையாளரின் பங்கு. குழுவில் இணக்கம் இல்லாத இடத்தில் இத்துறை நடைபெறாது.

வெளிநாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் இத்துறைக்கான மருத்துவப் பயிற்சி நான்கு ஆண்டுகள். அங்கு இது நன்கு நிலைபெற்ற துறையாகும். இந்திய மருத்துவர்கள் அந்நாட்டு உரிமத் தேர்வுகளை எழுதிப் பயிற்சியை அங்கு மீண்டும் பெற வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர்களும் தம் கல்வியின் இணைத்தகுதியை நிறுவித் தேசிய உரிமத் தேர்வு எழுத வேண்டும். பிரித்தானியாவில் உரிய பதிவுக் குழுமத்தில் பதிவு பெறுதல் தேவை. இலங்கையில் இத்துறை வாதநோயியலுடன் இணைந்த ஒரே சிறப்புத் துறையாகக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் பயிற்றுவிக்கப்படுகின்றது. ராகமையில் தனிப் புனர்வாழ்வு மருத்துவமனை உள்ளது. போரிலும் மிதிவெடியிலும் கால் இழந்தோருக்கு யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால்களை வழங்கி வருகின்றது. செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தியதுடன் முடிவதன்று. வளரும் குழந்தைக்கு அளவு மாறும், பெரியவருக்கும் சில ஆண்டுகளில் தேயும். எனவே போர் 2009இல் முடிந்த பின்னரும் அங்கு செயற்கை உறுப்பு வல்லுநர்களுக்கு வேலை குறையவில்லை.